மூன்றாவது டேங்க்

காலையில் ஸ்டார்ட் பண்ணினால்
உளுந்து தீர்ந்த கிரைண்டர் மாதிரி
கல்லோடு கல் பேசும்.
எதிர்வீட்டு பிச்சைக்கண்ணு கேட்டைத் திறந்து
'என்ன வே, டிராக்டரா எடுத்திருக்கீரு?' என்றார்.
அவருடையது பெட்ரோல். லிட்டருக்குப் பதினாலு.
நான் வாயைத் திறக்கவில்லை. நோட்டைத் திறந்து காட்டினேன்.

முதல் டேங்க்: எழுநூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர்,
முப்பத்தொன்று புள்ளி நாலு லிட்டர்.
வகுத்தால் இருபத்துமூன்று புள்ளி ஆறு.
இரண்டாவது, இருபத்துநாலு.
ஏசி இல்லை. கண்ணாடி இரண்டு விரற்கடை இறக்கம்.
பின்சீட்டில் நாங்குநேரி சங்கத்துப் பேரேடுகள் மட்டும்.

இருபது வருஷமாகக் கூட்டுறவுச் சங்கத் தணிக்கை.
உரக்கணக்கில் ஒரு மூட்டை குறைந்தால்
எனக்குச் சோறு இறங்காது.
பொய் சொல்லாத ஒரு கணக்கு
சொந்தமாக வேண்டும் என்றுதான்
கார் வாங்கினேனோ என்னவோ.

குறையையும் சொல்லவேண்டும்.
ரெண்டாயிரம் சுற்றுக்குக் கீழே இந்த வண்டி
திங்கட்கிழமை எழுத்தர்.
அதற்கு மேலே யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார்கள்.
மூன்றடைப்பு தாண்டி ஒரு லாரியை முந்தும்போது
'ஏய்' என்று நானே சத்தம் போட்டுவிட்டேன்,
தனியாகத்தான் இருந்தேன்.
ஐந்து பேர் ஏறினால்
களக்காட்டு வேகத்தடை அடிவயிற்றைத் தடவும்.
கப் வைக்கக் குழி உண்டு; நம்ம டீ கிளாஸ் அதில் நிற்காது.
சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை,
வேர்வையில் ஒட்டிக்கொண்டு
எழுந்தால் கிறீச்சென்கிறது. இருக்கட்டும்.

மூன்றாவது டேங்க், பத்தொன்பது புள்ளி அஞ்சு.

ஆடிக்காற்று என்றேன்.
பணகுடிப் பக்கம் காற்றாடிகள் சுத்துகிற சுத்துக்கு
எந்த வண்டிக்கும் மூச்சு வாங்கும்.
பங்க் பையனைச் சந்தேகப்பட்டேன்.
டயரில் காற்றுப் பார்த்தேன்.
சர்வீஸ் ஆள் ஏதோ ஒயரைச் சொருகிப் பார்த்துவிட்டு
'ஒண்ணுமில்ல சார், நல்லா ஓட்டுங்க' என்றான்.
அதற்கு என்ன அர்த்தம்?

அன்று புதன். மதுரைக் கூட்டத்துக்கு
பஸ்ஸில் போய்த் திரும்பியிருந்தேன்.
ராத்திரி பயணப்படிப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தால்,
வண்டி ஓடியது அறுநூற்று இருபத்துநாலு.
நான் ஓட்டியது ஐந்நூற்று அறுபத்தொன்று.
அறுபத்துமூன்று கிலோமீட்டர்
ரசீது இல்லாமல் போயிருக்கிறது.

இறங்கிப்போய் டார்ச் அடித்தேன்.
சீட் மூன்று பல் முன்னால் இருந்தது.
கண்ணாடி கீழே பார்த்தது.
பெடலில் செம்மண்.

'புதன்கிழமை புதன்கிழமை போறேன்' என்றாள் ஜெபக்கனி,
யூனிபாரம் தேய்த்துக்கொண்டே.
'ரெட்டியார்பட்டி மலைக்குப் பின்னால
பிளாட்டு போட்டு விக்காம கெடக்குல்லா,
கொடிக்கம்பு தவிர இடிக்க ஒண்ணுமில்ல.
எங்க வார்டு ரஹ்மத்து சொல்லித்தாரா.'
'ஏட்டி, என்ட்ட கேட்டிருக்கலாம்லா?'
'கேட்டா, கியருக்குப் போகமுன்ன
ஆர்பிஎம்முக்கே ஒருமணி நேரம் ஆவும்.'
'கிளட்ச்ச மிதிச்சபடியேதான ஓட்டியிருக்க?'
'ஆமா. கொடிக்கம்பு ரெண்டு.'

மறுபடி டார்ச்சோடு போனேன். பம்பரில் கீறல் இல்லை.
நோட்டில் எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியவில்லை.
கையாடல் இல்லை. முன் அனுமதி பெறாத செலவு.
'பின்னேற்பு வழங்கலாம்' என்று எழுதி
உடனே அடித்தேன்.
யார் கேட்டார்கள் என்னிடம்?

ஞாயிறு, ஆராதனை முடிந்து,
அவள் அக்கா வீட்டுக்குத் திசையன்விளை.
சாவியை அவள்தான் எடுத்தாள்.
இடதுபக்கம் நான் உட்கார்ந்தது இதுதான் முதல்தடவை.
இங்கிருந்து மீட்டர் முள் தெரியாது.
இரண்டாவது கியரில் இஞ்சின் அலறுகிறது,
'மூணப் போடு' என்று ஒருதடவை சொன்னேன்,
அவள் போட்டபோது
தேரிமணல் ரோட்டில் ஏறியிருந்தது.
டேஷ்போர்டு பெட்டிக்குள் நோட்டும் பேனாவும்.
வளைவுக்கு வளைவு பேனா உருளுவது கேட்கிறது.
தன் சீட்டின் உறையை அவள் நேற்றே கிழித்துவிட்டாள்.
என்னுடையது மட்டும்
கிறீச்.